மருத்துவ அட்டையும் மூன்று வெள்ளிக் கட்டிலும்

சென்ற கிளைக் கூட்டத்தில் நம் தோழர்கள் சிலர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் நிர்வாகத்தாரிடம் கேட்கவேண்டிய முதற் கோரிக்கை, ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குச் செல்லத்தக்க மருத்துவ அட்டை என்பதே அத்தீர்மானம். கைதட்டல் பலமாக இருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளை சட்டைப் பையில் வைத்திருக்கும் அட்டை, பால்மரம் வெட்டும் தாய் தகப்பனுக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒரு தோழர் கேட்டபோது, மறுத்துப் பேச யாரும் எழவில்லை. நாமும் எழவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறோம்.

கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குத் தேடிய விடை நம்மைக் குழியில் தள்ளும் என்று அஞ்சுகிறோம். ஏன் என்று சொல்லுமுன் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

நம் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் பால் வெட்டிய அம்மாள் ஒருவர். வயிற்றில் பொறுக்க முடியாத வலி. மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தன் அட்டையில் தாயையும் சேர்த்திருந்தான். பாலம் கடந்து ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். முகப்பில் அவனைக் கேட்ட முதற் கேள்வி, "எந்தக் கம்பெனி அட்டை?" என்பது. எங்கே வலிக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. பித்தப்பையில் கல். அறுவை நல்லபடி நடந்தது. வைத்தியர் மீதும் தாதியர் மீதும் நமக்கு ஒரு குறையும் இல்லை. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வருவதற்கு மாலை ஐந்து ஆயிற்று. வந்த கடிதத்தில் இருந்த தொகை பில்லுக்குப் போதவில்லை. மிச்சத்தை மகன் தவணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயைக் கூட்டிவந்தான்.

பிறகு அந்தப் பில் நம் மேசைக்கு வந்தது. தோட்டத்தில் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் கிராணியிடம் கொண்டுவருவதுதானே வழக்கம்! ஒரே தாள், நான்கே வரி, அடியில் பெரிய தொகை. விவரப் பில் கேட்டு வா என்று பையனைத் திருப்பி அனுப்பினோம். ஐந்து தாள் கொண்டுவந்தான். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். வைத்தியர்களின் கட்டணம் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மற்றதெல்லாம் என்ன? கையுறை, பஞ்சு, ஊசிக்குழல், பிளாஸ்டர், அறுவைக்கூட வாடகை, கருவி வாடகை, கட்டில் வாடகை, மாத்திரை. சேர்க்கைப் பை என்ற பெயரில் ஒரு தெர்மாமீட்டரும் சோப்பும். அந்த அம்மாளின் வீட்டில் இப்போது இரண்டு தெர்மாமீட்டர் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்கிறார். அது பையில் இல்லை.

இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? சட்டம் விட்டுவைத்த சந்திலிருந்து வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்தும் 586ஆவது சட்டம் 1998இல் இயற்றப்பட்டு 2006இல் விதிகளோடு அமலுக்கு வந்தது. அந்த விதிகளின் 13ஆவது அட்டவணை, எந்த அறுவைக்கு வைத்தியர் எவ்வளவு வரை வாங்கலாம் என்று வரி வரியாக உச்சவரம்பு கட்டியிருக்கிறது. கட்டிலுக்கு உண்டா? கையுறைக்கு உண்டா? மருந்துக்கு உண்டா? அறுவைக் கூடத்துக்கு உண்டா? கிடையாது! வாசற்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறச் சுவரை இடித்துவைத்த கதைதான்.

கிளினிக் வைத்திருக்கும் சின்ன டாக்டரின் பார்வைக் கட்டணத்தை 1992 முதல் பல்லாண்டு காலம் 10 வெள்ளிக்கும் 35 வெள்ளிக்கும் இடையே கட்டி வைத்திருந்த அதே நாட்டில், பெரிய ஆஸ்பத்திரியின் பண்டகசாலைக்கு மட்டும் கயிறே இல்லை. 2025 மே 1 முதல் மருந்தின் விலையை எழுதி வைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. மே 6ஆம் தேதி வைத்தியர்கள் புத்ராஜெயாவுக்கே போய் ஆட்சேபம் தெரிவித்தார்கள். சின்ன டாக்டர்களின் மனக்கசப்பு நமக்கு விளங்காமல் இல்லை. உத்தரவையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் எழுதி வைத்த விலை, விலையைக் காட்டும், குறைக்காது. வலியால் துடிப்பவன் பலகையைப் படித்துவிட்டு அடுத்த கடைக்கா நடப்பான்?

சரி, அட்டை இருந்தால் இந்தத் தொல்லை தீராதா என்று தோழர்கள் கேட்பார்கள். தோட்டத்துக் கடையை நினைத்துப் பாருங்கள். அதே கடை, அதே அரிசி. ரொக்கம் கொடுப்பவனுக்கு ஒரு விலை, கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறவனுக்கு வேறு விலை. நம் பாட்டிமார் அந்தக் கணக்கில் பட்டது போதாதா? அட்டையும் கணக்குப் புத்தகம்தான். நமக்கு எதிரே இருப்பவன் அரிசியை நிறுக்கவில்லை, கையுறையை எண்ணுகிறான், அவ்வளவே வித்தியாசம். ஆபீசில் சிட்டு வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனவனுக்கு மூன்று மருந்தும், சொந்தக் காசில் போனவனுக்கு இரண்டு மருந்தும் எழுதப்பட்ட பில்களை நாம் கோப்பில் வைத்த அனுபவம் உண்டு. இருவருக்கும் அதே இருமல்.

பில் ஏறினால் பிரீமியம் ஏறும். 2024இல் என்ன நடந்தது? 40 சதவீதம், 70 சதவீதம் என்று பிரீமியத்தை உயர்த்திக் கம்பெனிகள் கடிதம் அனுப்பின. நாடே கூச்சலிட்டது. அந்த வருஷம் டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பரப்பி ஏற்றுங்கள் என்றது. ஏற்றாதே என்று சொல்லவில்லை; மெதுவாக ஏற்று என்று சொன்னது. அதே 2024 செப்டம்பர் 1 முதல், பில்லில் ஒரு பகுதியை நோயாளியே கட்டும் வகைத் திட்டத்தையும் ஒவ்வொரு கம்பெனியும் விற்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பிரீமியம் மலிவாக இருக்குமாம்! நிர்வாகத்தார் நமக்கு வாங்கித் தருவது எந்த வகையாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. நிர்வாகம் கொடுக்கும் அட்டை, வேலை இருக்கும் வரைதான். அறுபது வயதில் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். நோய் அறுபதுக்கு மேல்தான் வீட்டுக்கு வந்து உட்காருகிறது. குத்தகைக்காரனிடம் களை வெட்டும் பெண்ணுக்கு அட்டை கிடைக்குமா? கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளத்துக்குக் கேட்கவேண்டிய சல்லியை அட்டைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அந்தச் சல்லி நேரே ஜார்ஜ் டவுன் கட்டிலுக்குப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோமா?

அந்தக் கட்டில் யாருடையது என்பதையும் பார்ப்போம். 2024இல் பினாங்கின் ஐலண்ட் ஆஸ்பத்திரியை ஐ.எச்.எச். நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி வெள்ளிக்கு வாங்கியது. விற்றது ஒரு முதலீட்டு நிதி நிறுவனம். ஆஸ்பத்திரி ஒன்று கைமாறுவதற்கு இத்தனை கோடி என்றால், அந்தக் கோடிகள் திரும்பி வரவேண்டிய இடம் நோயாளியின் படுக்கையைத் தவிர வேறு எது? வேடிக்கை என்னவென்றால், ஐ.எச்.எச்.சில் நம் ஊழியர் சேமநிதிக்கே கணிசமான பங்கு இருக்கிறது. கே.பி.ஜே. ஆஸ்பத்திரிக் கூட்டத்திலும் இருக்கிறது. நம் சம்பளத்தில் பிடித்த பணம் ஆஸ்பத்திரியில் பங்காளி. நாம் அதே ஆஸ்பத்திரியில் கடனாளி! பங்காளி என்ற முறையில் சேமநிதி வாரியம் ஆதாய ஈவை மட்டும் கேட்டால் போதுமா, பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

பினாங்கில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு மேடானிலிருந்தும் சுமாத்திராவின் மற்ற ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வரட்டும், நோயாளி எந்த நாட்டவனானாலும் நமக்குப் பகையில்லை. ஆனால் விமானமேறி வருகிறவரின் கைப்பணத்தைப் பார்த்து வைத்த விலை, மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளக்காரனுக்கு எப்படிப் பொருந்தும்?

ஆதாயம் இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரி நடக்காது என்று யாராவது சொன்னால், அதே ஊரைக் காட்டுங்கள். 1883இல் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்யத் தொடங்கிய தர்ம ஸ்தாபனம்தான் இன்றைய லாம் வா ஈ ஆஸ்பத்திரியின் வேர். கன்னியாஸ்திரீகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் ஆஸ்பத்திரி, பங்குதாரருக்கு ஆதாயம் பிரிக்காமல் நடக்கிறது. அங்கும் பில் உண்டு. ஆனால் மிஞ்சிய காசு பங்குச் சந்தைக்குப் போவதில்லை.

விலையைக் கட்டினால் தரம் கெட்டுவிடும் என்பது அடுத்த வாதம். நம் பாட்டன்மார் கப்பலேறிய நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டை அங்கே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் இந்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ஏறத்தாழ 29,600 ரூபாய் என்று உச்சவிலை கட்டியது. இருதய ஆஸ்பத்திரிகள் கதவடைத்து ஓடிவிடவில்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நூறு டாலர் விலை. 1992இல் அவர்கள் தாங்களே ஆரோலேப் என்ற தொழிற்சாலை வைத்து, பத்து டாலருக்குக் குறைவாக அந்த லென்ஸைச் செய்துகாட்டினார்கள். ஒரு வைத்தியருக்கு இரண்டு மேசை; ஒரு கண்ணை முடித்துத் திரும்பும்போது அடுத்த நோயாளி தயார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுத்தார், முடியாதவர் இலவசமாகப் பார்வை பெற்றார். 1994இல் தமிழ்நாட்டு அரசு மருந்து வாங்குவதற்கென்றே ஒரு கழகம் அமைத்து, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக, மருந்தின் உண்மைப் பெயரில், ஏலம் கேட்டு வாங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாட்டில் என்ன செய்தார்கள்? சர்க்கார் மருந்துக் கிடங்கைத் தனியார் கையில் கொடுத்தார்கள்! 1996 ஒப்பந்தப்படி சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை முதலிய வேலைகளையும் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். அரசின் செலவு ஏறியது. கூட்டுகிற பெண்ணின் கூலி ஏறியதா? 2020 ஜூனில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் நின்ற சங்கத்தார் ஐவர் கைது செய்யப்பட்டதுதான் மிச்சம்.

இப்போது மூன்று வெள்ளிக் கட்டிலுக்கு வருகிறோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்நாட்டுப் பிரஜைக்கு மூன்றாம் வகுப்பு வார்டு நாளைக்கு 3 வெள்ளி. சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. உலகத்தில் பல நாட்டுத் தொழிலாளி கேட்டால் நம்பமாட்டான். இது நம் கையில் இருக்கும் சொத்து. அட்டை அட்டை என்று ஓடுகிறவர்கள் இந்தச் சொத்தைக் கவனிப்பாரற்று விட்டுவிடுகிறார்கள். வசதியுள்ளவனெல்லாம் வெளியேறிவிட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் போதவில்லை, கருவி போதவில்லை என்று கேட்கக் குரல் எங்கிருந்து வரும்? 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் வெளியே வந்து நின்றார்களே, அன்று நம் சங்கங்களில் எத்தனை அவர்கள் பக்கம் நின்றன?

மூன்று வெள்ளி என்பது முழுக்கணக்கு அல்ல என்பதும் நமக்குத் தெரியும். எலும்புக்கு வைக்கும் தகடு, இருதயக் குழாய்க்கு வைக்கும் ஸ்டென்டு போன்றவற்றைப் பல சமயம் நோயாளியே வாங்கித்தர வேண்டியிருக்கிறது. உதவி நிதிக்கு மனுப் போடலாம். அதற்கும் காகிதம், அலைச்சல். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் தீவுக்குப் போய் ஐந்து வெள்ளியில் நிபுணரைப் பார்த்துவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,700ஐ 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்குச் சற்று மேல். அது போயிற்று. கூடப் போகும் மகளுடைய கூலியும் போயிற்று. கார் வாடகை, பாலத்து டோல், மதியச் சோறு. ஐந்து வெள்ளி வைத்தியம் நூற்றைம்பதைத் தாண்டுகிறது! இரத்தம் எடுக்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள், மருந்துக்கு இன்னொரு நாள் என்றால் மூன்று மடங்கு. ஆஸ்பத்திரி ஒரு சல்லி செலவழிக்காமல் இதைக் குறைக்க முடியும்: தூரத்து நோயாளிக்கு மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் போதும். தொடர் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. நம் முதியவர்களிடம் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் யார்? இதில் சங்கத்தின் குற்றமும் உண்டு, ஒப்புக்கொள்கிறோம்.

நம்மோடு பால் வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கு இந்த மூன்று வெள்ளியும் இல்லை. வெளிநாட்டவர் என்று பல மடங்கு கட்டணம். அவர் கையிலும் நம் கையில் இருக்கும் அதே வெட்டுக்கத்திதானே! அவருடைய வைத்தியத்தை முதலாளி முழுதாக ஏற்கவேண்டும் என்ற வரி இல்லாத கோரிக்கைப் பட்டியலில் நாம் கையெழுத்திடத் தயாரில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய வைத்தியத்தைப் பற்றியும் பேசவேண்டும். மலிவு உண்மையில் அங்கேதான் இருக்கிறது. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகட்டி மலேரியாவை அடக்கினார். அந்த வழியைத் தோட்டங்களும் பின்பற்றின. கட்டில் போட்டுக் காய்ச்சல்காரனைப் படுக்கவைப்பதைக் காட்டிலும் கால்வாய் வெட்டுவது மலிவு என்று முதலாளிமாருக்கு விளங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸரும் வந்ததும் இப்படித்தான். நம் பாட்டன் மேல் கொண்ட பாசத்தாலா? ஆள் செத்தால் மரம் வெட்ட ஆள் இல்லை என்ற கணக்காலும், சட்டத்தின் கட்டாயத்தாலும்தான்.

இன்றைய காய்ச்சல் சர்க்கரை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு நீரிழிவு. அதைக் கண்டுபிடிக்க விரலில் ஒரு சொட்டு இரத்தம் போதும். கண்டுபிடிக்காமல் விட்டால் கால் போகும், கண் போகும், சிறுநீரகம் போய் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அன்று டிரஸர் பிரட்டுக்களத்திலேயே முகத்தைப் பார்த்து, "நீ இன்று வேலைக்குப் போகாதே" என்பார். இன்று எத்தனை தோட்டங்களில் மருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சில இடங்களில் உரமூட்டை அடுக்கியிருக்கிறது. சொக்சோ 2013இல் நாற்பது வயதானவர்களுக்கு இலவச உடற்பரிசோதனை தொடங்கியது. அதற்காக அரைநாள் விடும் மேனேஜர் யார்?

ஆகவே கூட்டு ஒப்பந்தத்தில் அட்டைக்குப் பதில் நாம் கேட்கச் சொல்வது இது. தொழிலாளிக்குச் சுகாதார, வைத்திய வசதி செய்து தருவதை 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் தோட்ட முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தக் கடமையின்படி மருந்து வீட்டைத் திறக்கட்டும்; ஒரு தோட்டத்தால் முடியாவிட்டால் நாலைந்து தோட்டம் சேர்ந்து பயிற்சி பெற்ற ஒருவரை வைக்கட்டும். ஆஸ்பத்திரித் தவணை நாளுக்குக் கூலியோடு விடுப்பும் வண்டியும் வேண்டும். ஸ்டென்டு, தகடு போன்றவற்றுக்கு முதலாளி பணம் போடும் ஒரு நிதி வேண்டும். வேலை விட்டுப் போனவருக்கும் குடும்பத்துக்கும் மருந்து வீடு திறந்திருக்க வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பது வேறு. டாக்டர் கட்டணத்துக்கு அட்டவணை எழுதத் தெரிந்தவர்களுக்குக் கையுறைக்கும் கட்டிலுக்கும் எழுதத் தெரியாதா? நோய்க்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே கட்டிவிடும் முறையை 2025இல் பேங்க் நெகாராவும் சுகாதார அமைச்சும் சீர்திருத்தத் திட்டத்தில் சேர்த்திருக்கின்றன. நல்லது. பித்தப்பைக்கு இவ்வளவு என்று முடிவானால், எத்தனை கையுறை என்பது ஆஸ்பத்திரியின் கவலை ஆகிவிடும். ஆனால் அந்தத் தொகையை நிர்ணயிக்கும் மேசையில் ஆஸ்பத்திரி முதலாளியும் இன்ஷூரன்ஸ்காரரும் மட்டும் உட்காரக் கூடாது. தொழிற்சங்கத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே பணம் கட்டுவோருக்குத் தனி வழி வைக்கும் ரக்கான் கே.கே.எம். திட்டத்தையும் கண்காணிக்க வேண்டும். ஒரே டாக்டர், இரண்டு வரிசை என்றால், நீளமான வரிசையில் யார் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

அட்டை கேட்ட தோழர்கள் நம்மோடு கோபிக்க வேண்டாம். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் தீர்மானம் மறுபடியும் வருகிறது; இந்த முறை நாம் எழுந்து பேசுவோம். வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிப் பில்லைக் கொண்டுவாருங்கள். ஒற்றைத் தாள் பில்லாக இருந்தால் திரும்பிப் போய் விவரப் பில் கேளுங்கள். கேட்டால் கொடுக்கவேண்டும், சிகிச்சைக்கு முன்பே உத்தேசச் செலவைச் சொல்லவேண்டும் என்ற இரண்டும் 2006 விதிகளில் உள்ள உங்கள் உரிமை. பெயரையும் அடையாள எண்ணையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள். கையுறைக்கு ஒவ்வொரு பில்லும் என்ன விலை போட்டிருக்கிறது என்று நாம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கிறோம். பத்துப் பில் சேர்ந்தாலும் போதும், பேச்சுவார்த்தை மேசைக்கு அதையே எடுத்துச் செல்லலாம்.